சுகவாழ்வு மையமும் நம்பிக்கை மையமும்: திருமணத்துக்கு முன் சென்றுவந்த ஒருவரின் மதிப்பீடு

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுகளுக்கென இரண்டு தனிப் பிரிவுகள் இயங்குகின்றன. பால்வினை நோய்களுக்கான ஆலோசனையும் மருந்தும் தருவது சுகவாழ்வு மையம், எச்.ஐ.வி. பரிசோதனையும் அதற்கு முன்னும் பின்னுமான ஆலோசனையும் தருவது நம்பிக்கை மையம். இரண்டிலும் கட்டணம் இல்லை. திருமணத்துக்கு முன் நானும் எனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இவ்விரு மையங்களையும் பயன்படுத்தினோம். எங்கள் இருவருக்கும் கடந்தகாலம் என்று ஒன்று இருந்தது. அதைப் பற்றி ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருப்பதைவிட இருவரும் பரிசோதித்துக்கொள்வது நாகரிகமானது என்று கருதினோம். மருத்துவமனையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நடைமுறை எல்லா மாவட்டங்களிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், இந்த மதிப்பீடு வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புண், சீழ், எரிச்சல், வெள்ளைப்படுதல் போன்ற நோய்க்குறிகளோடு செல்பவர்களுக்கு இந்தச் சேவை பல தனியார் மருத்துவமனைகளில் கிடைப்பதைவிட ஒழுங்கானது. எச்.ஐ.வி., சிபிலிஸ் (மேகப்புண்) ஆகிய இரண்டையும் பொறுத்தவரை யாரும் தயங்காமல் இங்கே செல்லலாம். ஆனால், உடலில் எந்தக் குறியும் இல்லாமல் முன்னெச்சரிக்கையாக மட்டும் செல்பவர்களுக்கு இங்கே கிடைப்பது பாதிச் சேவைதான். மீதி எங்கே கிடைக்கும் என்பதை அங்கே யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை.

மையத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புறநோயாளர் சீட்டு பதியும் இடத்தில் "எந்த டிபார்ட்மென்ட்?" என்று உரத்த குரலில் கேட்கிறார்கள், வரிசையில் பின்னால் நிற்பவர் நம் தெருக்காரராகவும் இருக்கக்கூடும். "தோல் பிரிவு" என்று சொன்னாலே போதும். பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு தோல் மருத்துவப் பிரிவை ஒட்டியே அமைந்திருக்கிறது. (சென்னை மருத்துவக் கல்லூரி இதற்கு விலக்கு, அங்கே பால்வினை நோயியலுக்கென்றே தனி நிறுவனம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது.) பெண்களுக்கு இதே சேவை மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ப் பிரிவிலும் உண்டு என்பதால், உடன் வந்தவரை அங்கே அனுப்பினார்கள். அங்கே சீட்டு வாங்கிய பணியாளர், கருவுற்ற பெண்கள் பலர் அமர்ந்திருந்த கூடத்தில், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றும், இல்லை என்ற பதிலுக்குப் பின் "அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?" என்றும் கேட்டிருக்கிறார். எங்கள் அனுபவத்தில் கடுமையாகக் குறைசொல்ல வேண்டிய இடம் இது ஒன்றுதான். ஆனால் அது சிறிய குறையன்று. ஏனெனில் திருமணம் ஆகாத பெண் ஒருத்தி அந்தக் கேள்வி காதில் விழுந்தவுடன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால், அதற்கு அப்பால் உள்ள அறையில் எவ்வளவு நல்ல ஆலோசகர் இருந்தும் பயனில்லை. உடன் வந்தவர் எழுந்து போகவில்லை. உள்ளே இருந்த பெண் ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கேள்விகளில் எதையும் கேட்காமல், "சொல்லுங்கம்மா" என்று மட்டும் தொடங்கியதாகப் பின்னர் சொன்னார்.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி ஆலோசகரின் அறைதான். மருத்துவரிடம் போகும் முன்பே அவரிடம்தான் அனுப்புகிறார்கள். கடைசியாகப் பாதுகாப்பில்லாத உறவு எப்போது, எவ்வகையான உறவு, துணைவர் ஒருவரா பலரா, ஊசி வழியாகப் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா, முன்பு இரத்தம் ஏற்றப்பட்டதா என்று அவர் கேட்டார். கேள்விகள் அந்தரங்கமானவை, ஆனால் கேட்ட விதத்தில் ஆர்வமும் இல்லை, கண்டனமும் இல்லை. ஒவ்வொரு கேள்வியும் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதையும் விளக்கினார். உறவு எப்போது நிகழ்ந்தது என்பது பரிசோதனையின் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தீர்மானிக்கிறது; எவ்வகையான உறவு என்பது உடலின் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. வாய்வழி உறவில் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும், கொனோரியாவும் சிபிலிசும் அவ்வழியாகவும் தொற்றும் என்பதை அங்கேதான் முதன்முறையாக ஒருவர் தெளிவாகச் சொல்லிக் கேட்டேன்.

ஆணுறை அணியும் முறையை மாதிரி உறுப்பு ஒன்றை வைத்துச் செய்துகாட்டுவது அங்கே வழக்கமான நடைமுறை. படித்தவர்கள் பலர் இதை வேண்டாமென்று தவிர்த்துவிடுகிறார்கள் என்று ஆலோசகர் சொன்னார். தவிர்க்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. உறையின் காலாவதித் தேதியைப் பார்ப்பது, பொட்டலத்தை விரலால் அழுத்தி உள்ளே காற்று இருக்கிறதா என்று அறிவது, பல்லால் கிழிக்காமல் ஓரத்தில் கையால் கிழிப்பது, நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றிய பின் அடிவரை உருட்டுவது, உறவு முடிந்ததும் உறுப்பு தளரும் முன் அடிப்பகுதியைப் பிடித்தபடி விலகுவது என்று ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொல்கிறார்கள். இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் உராய்வில் கிழியும் என்பதும், லேடெக்ஸ் உறையோடு தேங்காய் எண்ணெயோ வாசலினோ பயன்படுத்தினால் சில நிமிடங்களிலேயே இரப்பர் வலுவிழந்துவிடும் என்பதும் நம் வீடுகளுக்கு மிகவும் தேவையான செய்திகள். மசகு வேண்டுமானால் நீரையோ சிலிக்கோனையோ அடிப்படையாகக் கொண்டவற்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பணப்பையிலும் இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியிலும் உறையை வைத்துக்கொண்டு நம் ஊர் வெயிலில் திரிவது அதைத் தூக்கி எறிவதற்குச் சமம் என்று அவர் சொன்னது சற்று மிகையாகத் தோன்றினாலும், வெப்பமும் உராய்வும் லேடெக்ஸைக் கெடுக்கும் என்பது உண்மைதான்.

விடைபெறும்போது நிரோத் உறைகளை ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இலவச ஆணுறை தரமற்றது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நடுவண் அரசு 1968இல் நிரோத் திட்டத்தைத் தொடங்கியபோது மூன்று உறைகளை 15 காசுக்கு விற்றது. தேயிலையும் சோப்பும் விற்ற பெரிய நிறுவனங்களின் விற்பனை வலைப்பின்னல் வழியாக அது பெட்டிக்கடை வரை சென்றது. திருவனந்தபுரத்தில் 1966இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் லேடெக்ஸ், ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று எச்.எல்.எல். லைஃப்கேர் என்று அழைக்கப்படும் அந்த நிறுவனம், கடைகளில் விலைக்கு விற்கப்படும் உறைகளையும் தயாரிக்கிறது. இந்தியச் சட்டப்படி ஆணுறை ஒரு மருந்துப் பொருள். அதற்கான தரவரையறை மருந்துகள் விதிகளிலேயே இடம்பெற்றிருக்கிறது. இலவசமாகத் தரப்படுவதும் பளபளக்கும் அட்டையில் விற்கப்படுவதும் கசிவு, காற்றழுத்தம் தாங்கும் திறன் ஆகியவற்றில் ஒரே வரையறையைத்தான் நிறைவேற்ற வேண்டும். புள்ளிகளும் வரிகளும் நறுமணமும் தொற்றுத் தடுப்பில் எதையும் கூட்டுவதில்லை. நிரோத்தின் குறை வேறு: மசகு குறைவு, வாசனை சற்று இரப்பர்த்தனமானது, அளவில் தேர்வு இல்லை. அணிய விருப்பமில்லாத உறை அணியப்படாமலே போய்விடும் என்பதால், வசதி உள்ளவர்கள் தமக்குப் பிடித்ததை மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. இதற்குச் சரக்கு மற்றும் சேவை வரியும் கிடையாது. ஒன்றை மட்டும் தவிர்க்கலாம். நானாக்ஸினால்–9 என்ற விந்தணுக்கொல்லி பூசப்பட்ட உறைகள் தொற்றுத் தடுப்பில் கூடுதல் பயன் தருவதில்லை. அடிக்கடி பயன்படுத்தினால் அது சளிச்சவ்வை உறுத்தி எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மையத்தில் மாற்று ஏதும் இல்லை. பாலியூரித்தேன் அல்லது பாலிஐசோப்ரீன் உறைகளை வெளியில்தான் தேட வேண்டும்.

ஆணுறை எதைத் தடுக்கும், எதை முழுமையாகத் தடுக்காது என்பதை ஆலோசகர் மழுப்பாமல் சொன்னதைப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு குறைகிறது. உடல் திரவங்களின் வழியே பரவும் கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனியாசிஸ் ஆகியவற்றுக்கும் அது நல்ல தடுப்பு. கொப்புளப் புண்களை உண்டாக்கும் ஹெர்பிஸ், மருக்களையும் கருப்பைவாய்ப் புற்றுநோயையும் உண்டாக்கும் எச்.பி.வி., சிபிலிஸ் ஆகியவை தோலோடு தோல் உரசுவதாலும் பரவுபவை என்பதால், உறை மூடாத இடத்தில் புண்ணோ கிருமியோ இருந்தால் தொற்று நேரலாம். சிரங்குக்கும் மறைவிடப் பேனுக்கும் உறையால் எந்தத் தடையும் இல்லை. மறைவிடத்தைக் கழுவுவதும், உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பதும், கிருமிநாசினி ஊற்றுவதும் தடுப்பு முறைகள் ஆகா. பெண்கள் உள்ளே பீய்ச்சிக் கழுவுவது அங்கிருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களை அழித்துத் தொற்றுக்கு வழிவிடும் என்பதை அங்கே அழுத்தமாகச் சொன்னார்களாம்.

அடுத்ததாகப் பரிசோதனை. நம்பிக்கை மையம் இரண்டு அறைகள் தள்ளி இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. அந்த நீண்ட பழக்கத்தின் பயன் இந்த மையத்தின் ஒழுங்கில் தெரிகிறது. ஒப்புதலை எழுத்தில் பெறுகிறார்கள். பெயருக்குப் பதிலாக ஓர் அடையாள எண்ணைக் கொண்டு இரத்தக் குப்பி ஆய்வகத்துக்குச் செல்கிறது. முடிவு அன்றே கிடைத்துவிடுகிறது. முதல் விரைவுச் சோதனையில் எதிர்வினை காட்டாவிட்டால் அதோடு முடிந்தது. எதிர்வினை காட்டினால், வேறு வேறு கருவிகளால் மேலும் இரண்டு சோதனைகள் செய்த பின்னரே முடிவைச் சொல்கிறார்கள். முடிவு எதுவாயினும் தாளை நீட்டிவிட்டு அடுத்தவரை அழைப்பதில்லை; மீண்டும் ஆலோசகரின் முன்தான் அமர வைக்கிறார்கள். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 என்பது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் ஒப்புதலின்றி அவரைச் சோதிப்பதையும், அவருடைய நிலையைப் பிறருக்கு வெளியிடுவதையும் அது தடைசெய்கிறது. அந்தச் சட்டத்தின் சுருக்கம் தமிழில் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. எழுத்து சிறிதாக இருந்தாலும் படிக்க முடிந்தது.

எதிர்வினை இல்லை என்ற முடிவைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம். அதனால் கடைசியாகப் பாதுகாப்பற்ற உறவு நிகழ்ந்து மூன்று மாதம் ஆகாதவர்களை மீண்டும் வரச்சொல்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் உறை அணிய வேண்டும். தேதியைச் சீட்டில் எழுதித் தருவதோடு சரி. நினைவூட்டும் குறுஞ்செய்தி எதுவும் வருவதில்லை. சிபிலிசுக்கும் இது பொருந்தும்: தொற்றியதிலிருந்து புண் தோன்ற 10 முதல் 90 நாள் வரை ஆகலாம், அந்தப் புண் வலிக்காது, தானே ஆறியும்விடும், ஆனால் நோய் உள்ளே தங்கிவிடும். ஆர்.பி.ஆர். என்னும் இரத்தச் சோதனையைச் சுகவாழ்வு மையம் கேட்காமலேயே எழுதிக் கொடுக்கிறது. தொடக்க நிலையில் கண்டறியப்பட்டால் 24 லட்சம் யூனிட் பென்சதீன் பென்சிலின் ஊசி ஒருமுறை போதும். கருவுற்ற பின் கண்டறியாமல் விட்டால் குழந்தை இறந்தே பிறக்கவும் கூடும் என்பதால், திருமணத்துக்கு முன் செல்லும் இணையருக்கு எச்.ஐ.வி. சோதனைக்கு இணையான முக்கியத்துவம் உடையது இந்தச் சோதனை.

குறைக்கு வருகிறேன். சுகவாழ்வு மையம் நோய்க்குறிகளின் தொகுப்பை வைத்துச் சிகிச்சை தருகிறது. மருத்துவரின் அறையில் ஒரு வண்ண அட்டவணை தொங்குகிறது. சிறுநீர்த் தாரையிலோ கருப்பைவாயிலோ சீழ் இருந்தால் சாம்பல் நிறப் பெட்டி, வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, ஹெர்பிஸ் அல்லாத புண்ணுக்கு வெள்ளை, பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு அதற்குப் பதில் நீலம், ஹெர்பிஸ் புண்ணுக்குச் சிவப்பு, பெண்களின் அடிவயிற்று வலிக்கு மஞ்சள், தொடையிடுக்கில் நெறி கட்டினால் கறுப்பு. ஒவ்வொரு பெட்டியிலும் அந்தக் குறியை உண்டாக்கக்கூடிய முக்கியக் கிருமிகள் அனைத்துக்குமான மருந்து சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டாக, சாம்பல் பெட்டியில் கொனோரியாவுக்கு 400 மில்லிகிராம் செஃபிக்ஸிமும் கிளமிடியாவுக்கு 1 கிராம் அசித்ரோமைசினும் உண்டு; இரண்டையும் அங்கேயே ஒரே வேளையில் விழுங்கச் செய்கிறார்கள். ஆய்வக முடிவுக்காக நோயாளியைத் திருப்பி அனுப்பினால் அவர் மீண்டும் வராமலே போய்விடுவார், அதற்குள் இன்னொருவருக்கும் பரப்பிவிடுவார் என்பதை அறிந்து வகுக்கப்பட்ட முறை இது. எழுத்தறிவு இல்லாதவருக்கும் பெட்டியின் நிறம் நினைவில் நிற்கும். குறியோடு வருபவர்களுக்கு இதைவிட விரைவான, சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் குறியே இல்லாதவரை இந்த அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் வைக்க முடியாது. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கும், ஆண்களில் பலருக்கும் எந்தக் குறியும் தோன்றுவதில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கருக்குழாய் அடைப்பாகவோ கருப்பைக்கு வெளியே கரு தங்குவதாகவோதான் அது வெளிப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் மட்டும் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கும் சேர்ந்து 37 கோடியே 40 லட்சம் புதிய தொற்றுகளை உண்டாக்கின. இவற்றில் பெரும்பகுதி குறியற்றது அல்லது மிக இலேசானது. நாங்கள் சென்ற மையத்தில் இருவருக்கும் கிளமிடியா, கொனோரியா சோதனை செய்யப்படவில்லை. கேட்டபோது, "உங்களுக்கு ஒன்றும் இல்லையே" என்று மருத்துவர் கனிவாகவே சொன்னார். உண்மையில் அவர் சொல்லியிருக்க வேண்டியது, "அதற்கான மரபணுப் பெருக்கச் சோதனை இங்கே வழக்கமாகச் செய்யப்படுவதில்லை, வேண்டுமானால் வெளியில் செய்துகொள்ளுங்கள்" என்பது. நாங்கள் வெளியில்தான் செய்துகொண்டோம். தனியார் ஆய்வகத்தில் சில ஆயிரம் ரூபாய் செலவானது. ஆண்கள் ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, பின் முதலில் வரும் சிறிதளவைத் தர வேண்டும். பெண்கள் பஞ்சுக்குச்சி மாதிரியைத் தாமே எடுத்துத் தரலாம். பல ஆய்வகங்கள் பால்வினை நோய்களுக்கென "எஸ்.டி.டி. பேக்கேஜ்" என்ற பெயரில் விற்கும் தொகுப்பில் கிளமிடியாவுக்கு இரத்தத்தில் எதிர்ப்புரதம் பார்க்கும் சோதனையைச் சேர்த்திருக்கிறார்கள். அது பழைய தொற்றையும் இப்போதைய தொற்றையும் பிரித்துக் காட்டாது என்பதால், அதற்குப் பணம் கொடுப்பது வீண். சிறுநீர் அல்லது பஞ்சுக்குச்சி மாதிரியில் செய்யும் பி.சி.ஆர். (மரபணுப் பெருக்கச்) சோதனையா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

தடுப்பூசி பற்றியும் மையத்தில் பேச்சே எழவில்லை. பால்வினைத் தொற்றுகளில் தடுப்பூசியால் தடுக்கக்கூடியவை முதன்மையாக இரண்டு: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்–பி, எச்.பி.வி. குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ்–பி தடுப்பூசி நாடு முழுமைக்கும் விரிவானது 2011இல்தான். அதனால் இப்போது திருமண வயதில் இருப்பவர்களில் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். இரத்தப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று உறுதியானால், ஆறு மாத காலத்தில் மூன்று ஊசிகள் போட்டுக்கொள்ளலாம், விலையும் அதிகமில்லை. எச்.பி.வி. ஊசி முதல் உறவுக்கு முன் போடும்போதே முழுப் பயன் தரும் என்றாலும், பின்னர் போடுவதிலும் ஓரளவு பயன் உண்டு. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் 2023இல் அறிமுகமான பின் இதன் விலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆயினும் எங்களைப் போன்ற வயது வந்தவர்கள் தனியார் மருத்துவமனையில்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இலவசமாகத் தர முடியாவிட்டாலும், ஒரு துண்டறிக்கையில் இதைச் சொல்ல மையத்துக்குப் பெரிய செலவு ஆகாது.

இதையெல்லாம் தனியாரோடு ஒப்பிட்டால் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? தனியறையும் விரும்பிய நேரமும் கிடைக்கின்றன. ஆலோசனை பெரும்பாலும் கிடைப்பதில்லை. மருந்துக்கடையில் குறியைச் சொல்லி மாத்திரை வாங்குவது அதைவிட மோசமான வழி. பழைய பழக்கத்தில் கொடுக்கப்படும் சிப்ரோஃபிளாக்சசினுக்குக் கொனோரியாக் கிருமி பெரும்பாலும் அடங்குவதில்லை. அரைகுறையாக எடுத்த மருந்து சீழை நிறுத்திவிட்டுக் கிருமியை விட்டுவைக்கும். விடுதி அறைகளில் மாதம் ஒருமுறை வந்து தங்கி "ஆண்மைக் குறைவு முதல் மேகநோய் வரை" அனைத்தையும் குணப்படுத்துவதாகச் சுவரொட்டி ஒட்டுபவர்களைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் சுகவாழ்வு மையத்தின் பலகையைவிட அவர்களுடைய சுவரொட்டி பத்து மடங்கு பெரியது என்பதைச் சுகாதாரத் துறை கவனிக்கலாம்.

துணைவருக்கான சிகிச்சை பற்றியும் சொல்ல வேண்டும். தொற்று உறுதியானால் துணைவரை அழைத்துவர ஒரு சீட்டுத் தருகிறார்கள். அதில் நோயின் பெயர் இருப்பதில்லை. இருவரும் மருந்து எடுத்து ஏழு நாள் ஆகும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் அதே கிருமி மற்றவரிடமிருந்து திரும்பி வரும். எங்களுக்கு அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. காத்திருந்த நேரத்தில், தன் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் ஒருவரின் குரல் மெல்லிய தடுப்புச் சுவரைத் தாண்டிக் கேட்டது. அந்தச் சுவரை மேற்கூரை வரை உயர்த்திக் கட்டினால் நல்லது.

மையம் இயங்கும் நேரம் காலைப் புறநோயாளர் நேரம் மட்டுமே, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தினக்கூலிக்குப் போகிறவர்கள் ஒருநாள் வருமானத்தை இழந்துதான் வர முடியும். போவதற்கு முன் சந்தேகம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். பெயரைச் சொல்லத் தேவையில்லை. நேரம் முக்கியமாகும் சூழ்நிலை ஒன்று உண்டு. எச்.ஐ.வி. தொற்று உள்ளவரோடு, அல்லது தொற்று உண்டா இல்லையா என்று தெரியாதவரோடு பாதுகாப்பில்லாத தொடர்பு நேர்ந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுத்துக்கொள்ளும் தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனைகளில் இது முதன்மையாக ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கும் வழங்கப்படுகிறது. மற்றவர்களுக்கு மருத்துவர் நிலைமையை எடைபோட்டு முடிவு செய்வார், மருந்துச் சீட்டின்பேரில் வெளியிலும் வாங்கலாம். சனிக்கிழமை மாலை இது தேவைப்பட்டால் திங்கட்கிழமை காலை மையம் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது, இரவு பகலாகத் திறந்திருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, "பி.இ.பி." என்ற பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்தச் செய்தி மையத்தின் எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆலோசகரிடம் நாங்களாகக் கேட்டபோதுதான் சொன்னார்.